ரப்பர் பேண்டுக்குள் விளக்கம்

ஒரு ஊரில் ஒரு விடை இருந்தது. உதவித்தொகைத் தேர்வுக்கான கைடு ஒன்றில் அதன் குடித்தனம். ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்விக்கு அதுதான் விடை. பெயர் 'இரண்டு மணி நேரம்'. சரியான விடை என்பதால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதன் அண்ணன் விளக்கம், கைடின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. வளவளவென்று பேசும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று விசாரிக்காமல் ஓர் அடி எடுத்து வைக்காது.

கைடை வாங்கியவள், எட்டாம் வகுப்பு படிக்கும் கனிஷ்காவின் அம்மா. தேர்வு நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"இந்தப் பணம் கிடைச்சாத்தான் உன்னை மேல படிக்க வைக்க முடியும். புரியுதா?"

"புரியுதும்மா. ஆனா இந்தக் கணக்கு எப்படி வந்துச்சுன்னு..."

"எப்படி வந்தா என்னடி? விடையை மனப்பாடம் பண்ணு. பழைய கேள்விதான் திரும்பத் திரும்ப வருதாம்."

சொன்னதோடு விடவில்லை. மகள் நேரத்தை வீணாக்கக் கூடாதென்று விளக்கப் பக்கங்களை மொத்தமாகப் பிடித்து ரப்பர் பேண்டு போட்டுவிட்டாள். பாவம், மகள்மேல் உயிரையே வைத்திருந்தவள் செய்த வேலை அது.

"தம்பி, என்னை விட்டுட்டுப் போகாதடா!" என்று உள்ளேயிருந்து விளக்கம் கத்தியது.

"உன்னை இழுத்துக்கிட்டுப் போனா விடிஞ்சிரும். நான் ஒருத்தன் போதும்ணே," என்று விடை கனிஷ்காவின் தலைக்குள் ஏறிக்கொண்டது. மற்ற விடைகளும் அப்படியே ஏறின. ஒன்றுகூட அண்ணனை அழைத்து வரவில்லை.

தேர்வுக்கூடத்தில் கேள்வித்தாள் வந்தது. தொட்டி, குழாய், மூன்று, ஆறு. கனிஷ்காவின் முகம் மலர்ந்தது. தெரிந்த கேள்வி! விடை துள்ளி எழுந்தது. எழுந்த பிறகுதான் கேள்வியை முழுதாகப் பார்த்தது. முதல் குழாய் தொட்டியை நிரப்புகிறது. இரண்டாவது குழாய் காலி செய்கிறது.

விடை பதறிப்போய்க் கத்தியது.

"வேண்டாம் பாப்பா! நான் இல்ல. இன்னொரு தடவை படி!"

கனிஷ்காவின் பேனா நின்றது. ஏதோ உறுத்தியது.

"ஏன் நீ இல்ல?" என்று உள்ளுக்குள் கேட்டாள்.

விடை வாயைத் திறந்தது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல அதற்கு யாரும் கற்றுத் தந்ததில்லை. அண்ணனிடம் ஒரு தடவையாவது காது கொடுத்திருக்கலாமே என்று அழுகை முட்டியது.

"அப்போ யாருதான்?" அவள் கெஞ்சினாள். அதுவும் விடைக்குத் தெரியவில்லை.

எச்சரிக்கை மணி அடித்தது. மேற்பார்வையாளர், "இன்னும் அஞ்சு நிமிசம்தான், சீக்கிரம் முடிங்க," என்றார். கனிஷ்கா அம்மாவின் முகத்தை நினைத்துக்கொண்டு, 'இரண்டு மணி நேரம்' என்பதற்கான வட்டத்தைக் கறுப்பு மையால் நிரப்பினாள்.

வந்து நின்ற விடையைக் கேள்வி ஏற இறங்கப் பார்த்தது. அதன் குரலில் கோபம் இல்லை.

"நீ சரியான விடைதான் தம்பி. ஆனா நான் கேட்டது உன்னை இல்ல."