ஜெபித்துச் சொல்கிறேன்

செம்மணல் மேடுகளாகக் கிடக்கும் தேரிக்காட்டின் ஓரத்தில் இருந்தது எப்சிபா அம்மாளின் ஜெபவீடு. ஆடிக் காற்று வீசும் நாட்களில் செம்மண் எழும்பி வானம், பனை, கூரை எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும். அப்போது அங்கே இருப்பவர்களுக்கு, தாங்கள் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்பதே சரியாகப் பிடிபடாது.

ஞானசிகாமணி சீடராக வந்து சேர்ந்தது அப்படியொரு நாளில்தான். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். குருவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவர் எப்சிபாவை 'அம்மா' என்றுதான் அழைத்தார். அம்மாள் அவரை 'அண்ணாச்சி' என்றார்.

உழைப்பென்றால் அப்படியொரு உழைப்பு. விடியுமுன்னே முழங்காலில் நிற்பார். அப்புறம் ஜெப அறையில் படிந்த மண்ணைப் பெருக்குவார். பெருக்கின இடத்திலேயே காற்று மறுபடி மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். மனுஷன் சளைக்காமல் மறுபடியும் பெருக்குவார். உபவாசம் வேறு. சாப்பிடுங்கள் என்று அம்மாள் சொன்னாலும் கேட்கமாட்டார். பாவம், அதையும் பக்தியில் சேர்த்து வைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலையில் அவர் மனம்விட்டுக் கேட்டார்.

"நான் என்னம்மா குறை வச்சேன்? கர்த்தர் ஏன் எங்கிட்டப் பேச மாட்டேங்காரு?"

அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "ஒருநாளும் பேசினதில்லையா?"

"ஒரே ஒரு தடவை பேசினாரு."

"என்ன சொன்னாரு?"

டிரில் மாஸ்டர் கொஞ்சம் தயங்கினார். "திருவிருந்து எடுக்க முழங்கால் போட்டிருந்தேன். 'உன் தம்பி வீட்டுக்குப் போ'ன்னு நெஞ்சுக்குள்ள தெளிவாக் கேட்டுச்சு."

தம்பி அருமைநாயகத்தோடு பேச்சுவார்த்தை அற்றுப்போய்ப் பல வருடம் ஆகிறது. திருச்சபைத் தேர்தலில் ஆளுக்கொரு அணியில் நின்றார்கள். தோற்றது அண்ணன். அதிலிருந்து அண்ணன் முதல் ஆராதனைக்குப் போவார், தம்பி இரண்டாம் ஆராதனைக்குப் போவார். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில்தான் இருவரும் குடித்தார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் மட்டும் விழிக்கவில்லை.

இப்போது தம்பிக்கு நெஞ்சில் ஆபரேஷன். நாளை சாயந்திரம் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். 'அண்ணன் ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போகட்டும்' என்று தம்பி தன் மனைவியிடம் சொல்லி அனுப்பியிருந்தான்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க அண்ணாச்சி?"

"ஜெபிச்சுட்டுச் சொல்லுதேன்னு சொன்னேன். அதுக்காகத்தானம்மா இங்க வந்து கிடக்கேன். தினமும் வாக்குத்தத்தப் பெட்டியில கைவிட்டு ஒரு பைபிள் வசனச் சீட்டு எடுக்கேன். ஆசீர்வாதமா வருது, சமாதானமா வருது. போன்னு மட்டும் ஒரு சீட்டும் வர மாட்டேங்கு."

அம்மாள் சிரிக்கவில்லை. அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நமக்குத் தெரியாதா?

"நம்ம ஆடு தேரிக்குள்ள போயிட்டு. பிடிச்சிட்டு வாங்க" என்றார்.

சொன்னதுதான் தாமதம், அவர் கிளம்பிவிட்டார். ஆட்டைக் கண்டுபிடித்துத் திரும்பும்போது காற்று முற்றியிருந்தது. மண் கண்ணிலும் வாயிலும் அடித்தது. ஜெபவீட்டின் கதவு உள்ளே தாழிட்டுக் கிடந்தது.

"அம்மா, நான்தான். கதவைத் திறங்க."

"ஜெபிச்சுட்டுத் திறக்கேன் அண்ணாச்சி" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அவர் காத்திருந்தார். உள்ளே அம்மாள் பாட்டுப் பாடினார். பிறகு ஜெபித்தார். வியாதியஸ்தருக்காக, பிரயாணத்தில் இருப்பவர்களுக்காக, மழைக்காக. ஒருவரையும் விடவில்லை. கடைசியில், கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று ஆண்டவரிடம் உருக்கமாகக் கேட்டார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

டிரில் மாஸ்டருக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு கோபமும் ஓய்ந்துபோனது. ஆட்டை மடியில் அணைத்துக்கொண்டு கதவில் சாய்ந்தார். உலகமே சிவப்பாக இருந்தது. கண் செருகியது.

இப்போது அது அவருடைய சொந்த வீடு. அவர் உள்ளே முழங்காலில் இருந்தார். வெளியே யாரோ தட்டினார்கள். சின்ன வயதில் தட்டுவதுபோல விரல் முட்டியால், மெதுவாக. அருமைநாயகம்தான். மூடிய கதவின் வழியாகவே எல்லாம் தெரிந்தது. செம்மண் மழைபோல, சத்தமில்லாமல் பெய்துகொண்டிருந்தது. தம்பியின் முழங்கால்வரை ஏறியது. இடுப்புவரை ஏறியது. எழுந்து திறக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் ஜெபம் முடியவில்லை. தட்டும் சத்தம் கேட்காமலிருக்கக் குரலை உயர்த்தி இன்னும் ஊக்கமாக ஜெபித்தார்.

மண் தம்பியின் நெஞ்சுக்கு வந்தது.

"அவசரமில்லை அண்ணே" என்றான் தம்பி.

கதவு திறந்தது. அவர் திடுக்கிட்டு விழித்தார். எப்சிபா அம்மாள் வாசலில் நின்றிருந்தார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி. திறக்கச் சொல்லிட்டாரு."

"தட்டினா திறக்கணும்! இதுக்கெல்லாமா ஒரு ஜெபம்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ஆடு இருவரையும் கண்டுகொள்ளாமல் உள்ளே போயிற்று.

அம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அண்ணாந்து மடமடவென்று குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

"தம்பி மேல இருந்த கோவமெல்லாம் எப்பவோ போயிட்டும்மா" என்றார். "பயமா இருக்கு. அவன் முகத்தைப் பாக்கப் பயமா இருக்கு."

"ம்."

"எத்தனை கல்யாணத்துக்குப் போகல, எத்தனை சாவுக்குப் போகல..."

"ம்."

காற்று தணிந்திருந்தது. எங்கோ மேலே மண் மட்டும் இன்னும் மிதந்துகொண்டிருந்தது. அவர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.

"இப்பவே கிளம்புதேன். ஒண்ணே ஒண்ணும்மா. அவன் முன்னால போய் நின்னு என்ன பேசணும்? அதை மட்டும் கர்த்தர்கிட்டக் கேட்டுச் சொல்லிருங்க."

அம்மாள் உள்ளே போய் அவருடைய பையை எடுத்துவந்து கையில் கொடுத்தார்.

"அதைச் சொல்லத்தான் அண்ணாச்சி, அவரு உங்களைப் போகச் சொன்ன அன்னையிலேர்ந்து உங்க தம்பி வீட்டு வாசல்ல நிக்காரு."