அய்யாத்துரையும் பச்சை விளக்குப் பெட்டியும்

ஒரு ஊர்ல ஒரு தாத்தாவும் ஒரு பெட்டியும் ஒரே வீட்ல இருந்தாங்களாம். தாத்தா பேரு அய்யாத்துரை. பெட்டிக்குப் பேரு கிடையாது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். சுவத்துல மாட்டியிருக்கும். ம் சொல்லு கண்ணு.

ம்.

அந்தப் பெட்டிக்குக் கண்ணு இல்ல, காது இல்ல. ஆனா மூணு விஷயம் தெரியும். தாத்தா கட்டில்ல படுத்தா தெரியும், அடுப்பு சுட்டா தெரியும், வாசக் கதவு தெறந்தா தெரியும். எல்லாம் நேரத்துக்கு நடந்தா பச்சையா எரியும். நடக்கலன்னா சிவப்பாகி, டிங் டிங் டிங்னு எங்கேயோ இருக்கிற ஒரு பொண்ணோட போனைக் கூப்பிடும்.

அந்தப் பொண்ணு பேரு சுகிர்தா. ஒரு மணி நேர பஸ் தூரத்துல காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணினா. தனியா இருக்கிற வயசானவங்க விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் பெட்டி. மூணு வீட்ல மாட்டியிருந்தா. பெட்டி சரியா வேலை செஞ்சா அவளுக்கு டாக்டர் பட்டம்.

ஊசி போடுற டாக்டரா?

இல்ல கண்ணு. படிச்சுப் படிச்சு, எழுதி எழுதி வாங்குற டாக்டர்.

தாத்தா அந்தக் காலத்துல பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சு, எப்போ கிளம்புச்சுன்னு நோட்டுல எழுதுற வேலை. ஒரு வண்டி ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தாலும், "என்னப்பா, வழியில பொண்ணு பாத்துட்டு வர்றியா?"ன்னு டிரைவரைக் கேப்பாராம். பாட்டி போயிட்டாங்க. மக ஓசூர்ல. அவரு மட்டும்தான்.

அப்புறம் ஒரு நாள் காலையில, டிங் டிங் டிங். சிவப்பு. ஆறு மணி அடுப்பு சுடல. சுகிர்தா விழுந்தடிச்சு பஸ் ஏறி வந்தா. வந்து பாத்தா, தாத்தா கிணத்தடியில ஈரத் துண்டோட நிக்கிறாரு.

"என்ன தாயி, இம்புட்டுக் காலையில?"

"அடுப்பு ஏன் தாத்தா பத்த வைக்கல?"

"இன்னிக்கு அமாவாசை. குளிச்சு, சமைச்சு, காக்காவுக்கு வச்சுட்டுத்தான் எனக்கு டீத்தண்ணி. உன் பெட்டிக்கு யாரும் காலண்டர் மாட்டித் தரலையா?"

ம்?

ம்.

அப்புறம் சித்திரை வந்துச்சு. வெயிலு தகதகன்னு அடிச்சுது. மறுபடி ஒரு ராத்திரி டிங் டிங் டிங். ஒம்பது மணி தாண்டியும் கட்டில்ல ஆளே இல்லைன்னு சொல்லுது பெட்டி. அந்நேரத்துக்கு பஸ் இல்ல, சுகிர்தா விடியக்காலை முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்தா. தாத்தா வாசப்படிக்கிட்ட வெறுந்தரையில, துண்டைத் தலைக்கு வச்சுக்கிட்டு, கொர்ர்ர் கொர்ர்ர்னு தூங்குறாரு.

பக்கத்து வீட்டுத் தெய்வானை எட்டிப் பாத்து, "என்ன டாக்டரம்மா, இன்னிக்கும் ஊசி கொண்டு வரலையா?"ன்னு சிரிச்சா.

அப்போ பாத்து சுகிர்தாவோட சார் போன் பண்ணினாரு. அவளுக்கு வழிகாட்டி அவருதான். போனு சத்தமாப் பேசும், தாத்தா காதுல நல்லாவே விழுந்துச்சு. "மறுபடி தப்பா அடிச்சுதா? இன்னொரு தடவை அடிச்சா அந்த வீட்டைக் கணக்குலயே சேக்க முடியாதும்மா. மிச்ச ரெண்டு வீட்டை மட்டும் வச்சுக்கிட்டு பட்டமும் வாங்க முடியாது."

சுகிர்தா போனை வச்சா. கண்ணு கலங்கிப் போச்சு. தாத்தா பாத்துக்கிட்டே இருந்தாரு.

"தாயி, உன் பெட்டி எத்தனை மணிக்கு எதைப் பாக்கும்?"

"ஆறு மணிக்கு அடுப்பு. ஏழு மணிக்கு வாசக் கதவு. ராத்திரி ஒம்பதுக்குக் கட்டில். ஏன் தாத்தா?"

"சும்மாத்தான்."

அவ போனதும் ஒரு பேப்பர் எடுத்தாரு. கோடு போட்டாரு. ஆறு, ஏழு, ஒம்பதுன்னு எழுதி அடுப்பு மேல ஒட்டினாரு. முப்பது வருஷம் அடுத்தவன் வண்டிக்கு நேரம் எழுதினவரு, இப்போ தனக்கே எழுதிக்கிட்டாரு.

அன்னியிலேருந்து சிவப்பே இல்ல கண்ணு. பச்சை. பச்சை. பச்சை. அமாவாசைன்னாலும் ஆறு மணிக்கு வெறும் தண்ணியைக் கொதிக்க வச்சு இறக்கினாரு. எவ்வளவு புழுக்கம்னாலும் கட்டில்லயே படுத்தாரு. சுகிர்தாவுக்குச் சந்தோஷம். சாருக்கும் சந்தோஷம். ஒரு மாசம் அவ அந்தப் பக்கமே வரல. பச்சையா இருக்கிற வீட்டுக்கு எதுக்குப் போகணும்?

தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்புறம் ஒரு மத்தியானம், அவ காலேஜ்ல உக்காந்து பெட்டி அனுப்பின கணக்கை எல்லாம் வரிசையா எழுதினா. அடுப்பு ஆறு மணி. மறுநாள் ஆறு மணி. அதுக்கு மறுநாளும் ஆறு மணி. ஒரு நிமிஷம் முந்தல, ஒரு நிமிஷம் பிந்தல. அவளுக்கு என்னமோ உறுத்துச்சு. கட்டிலை விட்டு எத்தனை மணிக்கு எந்திரிச்சாருன்னு பாத்தா. பெட்டி அதையும் எழுதி வைக்கும், ஆனா அதுக்கு விளக்கு எரியாது.

முதல் வாரம் அஞ்சு அம்பத்தெட்டுக்கு எந்திரிச்சிருக்காரு. கட்டிலுக்கும் அடுப்புக்கும் பத்தடிதான் தூரம். ரெண்டு நிமிஷம் போதும்.

ரெண்டாவது வாரம் அஞ்சே முக்காலுக்கு.

மூணாவது வாரம் அஞ்சரைக்கு.

அன்னிக்குக் காலையில அஞ்சு மணிக்கு. பத்தடி நடக்க ஒரு மணி நேரம் கண்ணு.

அவ பேனாவைப் போட்டுட்டு எந்திரிச்சா. ஓடினா. பஸ்ஸு கடகட கடகடன்னு போகுது, அவளுக்கு நகர்ற மாதிரியே தெரியல. போன் பண்ணினா, எடுக்கல. பெட்டி என்ன சொல்லுதுன்னு போன்லயே பாத்தா, பச்சை.

கதவைத் தள்ளினா. தாத்தா தரையில உக்காந்து, சுவத்துல சாஞ்சு, வலது காலை ஒரு பழைய வேட்டித் துணியால சுத்தி வச்சிருந்தாரு. காய்ச்சல் அனலா கொதிச்சுது. துணியைப் பிரிச்சா, சக்கரைப் புண்ணு. செருப்பு கடிச்சதுல ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு விரலு கறுத்துப் போயிருந்துச்சு. கட்டில்லேருந்து அடுப்பு வரைக்கும் சுவத்துல வரிசையா அவரு கை அழுக்குப் பதிஞ்சிருந்துச்சு.

"ஏன் தாத்தா சொல்லல?"

"சொன்னா நீ வருவ, என்னைப் படுக்கச் சொல்லுவ. படுத்தா பெட்டி சிவப்பாயிடும்ல தாயி."

அவ அவரைத் தூக்கப் பாத்தா. முடியல. தெய்வானை ஓடி வந்தா. அன்னிக்கு அவ சிரிக்கல. ரெண்டு பேருமா ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா காலே போயிருக்கும்"னு டாக்டர் சொன்னாரு. ரெண்டு விரலோட போச்சு.

அப்புறம் சார் சொன்னாரு, "நடந்தது பாவம்தான்மா. ஆனா இதை எழுதினா உன் பெட்டி தோத்துப் போச்சுன்னு அர்த்தம். மறுபடி முதல்லேருந்து செய்யணும். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகும். அந்த ஒரு மாசத்தை விட்டுட்டு எழுது."

சுகிர்தா ரெண்டு நாள் யோசிச்சா. அப்புறம் எழுதினா. ஒரு மனுசன் சாகக் கிடந்தப்போ என் பெட்டி பச்சையா எரிஞ்சுதுன்னு அப்படியே எழுதினா.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னா. தாத்தா முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

"என்னால ஒரு வருஷம் லேட்டா?"

"உங்களால இல்ல தாத்தா. தினமும் பெட்டியைத்தான் கேட்டேன். ஒரு நாள் உங்களுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம்."

தாத்தா மேல மின்விசிறியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவ கையை மட்டும் விடல.

அப்புறம் அவரு வீட்டுக்கு வந்தாரு. அடுத்த நாள் காலை ஆறு மணி. டிங் டிங் டிங். சிவப்பு. சுகிர்தா போன் போட்டா. நாலு தடவை மணி அடிச்சதுக்கு அப்புறம் எடுத்தாரு.

"தாத்தா?"

"கட்டில்லதான் இருக்கேன் தாயி." அப்புறம் மெல்லச் சொன்னாரு. "வலிக்குது. ரொம்ப வலிக்குது. நீ வாரியா?"

"இதோ கிளம்பிட்டேன் தாத்தா."

அவ அந்த நாளுக்கு நேரா நோட்டுல எழுதினா. சிவப்பு. சரியா அடிச்சுது. எழுதிட்டு பஸ் ஏறப் போனா.

அவ்வளவுதான் கண்ணு. பஸ்ஸும் போயிடுச்சு, கதையும் அதோடவே போயிடுச்சு. நீ கண்ணை மூடிக்கோ.