வராத தீயைக் காட்டு

மேலூரில் ஒரு ஆடு ரெட்டைக்குட்டி போட்டாலே கீழூர் மணியக்காரர் வெள்ளியப்பருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் காதில், காட்டுத்தீ நெருங்காதபடி ஊரைச் சுற்றிக் காய்ந்த புல்லைச் செதுக்கி எடுக்க மேலூருக்கு ராஜா மானியம் கொடுக்கிறார் என்ற சேதி விழுந்தால் சும்மா இருப்பாரா? கீழூரைச் சுற்றி வயல்தான், காடே கிடையாது. ஆனாலும் அரண்மனைக்கு ஓடினார்.

"மகாராஜா, மேலூர்ல இத்தனை வருஷமா ஒரு கூரைகூட எரியல. வராத தீக்கு எதுக்கு மானியம்? எங்களுக்குக் கொடுங்க!"

ராஜா, மேலூரில் புல் செதுக்கும் சடைச்சியை அழைத்து விசாரித்தார்.

"நாங்க செதுக்குறதாலதான் தீ வரல சாமி" என்றாள் அவள்.

மணியக்காரர் எகிறினார். "அப்படியா? அந்த வராத தீயைக் காட்டு பார்ப்போம்!"

சபையே சிரித்தது. சடைச்சி கும்பிட்டாள்.

"காட்டிடலாம் சாமி. மணியக்காரர் மாந்தோப்பு எங்க ஊர் எல்லையில, காட்டை ஒட்டித்தான் இருக்கு. அதுக்கும் சேர்த்துத்தான் செதுக்குறோம். இந்தக் கோடைக்குத் தோப்போரம் மட்டும் புல்லை அப்படியே விட்டுடறோம்."

"ஐயையோ, தோப்பு சாம்பலாயிடுமே!" என்று மணியக்காரர் அலறினார்.

"எது வந்து சாம்பலாகும் சாமி?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மானியம் மேலூருக்கே போனது.

தோப்போரம் செதுக்கி முடித்த அன்று மணியக்காரர் வந்தார். அகலத்தைக் காலால் அளந்தார். மேலூர்ப் பக்கமும் போய் அளந்தார். முகம் சுருங்கியது.

"ஏ சடைச்சி, உங்க பக்கம் மட்டும் ஒரு சாண் கூடுதலா இருக்கே?"