இரண்டரை சதவீதம்

தூத்துக்குடியில் கப்பல் தரகு செய்துவந்த செல்மா மச்சாதுவிடம் தொழில் கற்க வந்தவர், அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர். முப்பது வருடம் கடலில் இருந்த கேப்டன் நயினா. கரை அவருக்குப் பிடிபடவில்லை. மூன்று மாதமாக அவர் பேசி ஒரு கப்பலும் வாடகைக்கு அமரவில்லை.

நான்காம் மாதம் ஒன்று கூடிவந்தது. சிமெண்ட் வியாபாரி தவசிமுத்துவுக்கு மாலத்தீவுக்குச் சரக்கு அனுப்பக் கப்பல் வேண்டியிருந்தது. வாடகையில் இரண்டரை சதவீதம் தரகு தருவதாகக் கப்பல்காரர் சொல்லியிருந்தார். மதியம் கையெழுத்து.

காலையில் கப்பலைப் பார்த்துவிட்டு வந்த நயினா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். என்ன விஷயம் என்று செல்மா கேட்டார். சரக்கறை மூடியின் ரப்பர் வெடித்துக் கிடக்கிறது, அலை ஏறினால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், கப்பலே மூழ்கலாம் என்றார்.

"தவசிமுத்துவிடம் சொன்னீர்களா?"

"கப்பல் அமர்ந்தால்தான் நமக்குத் தரகு, மேடம். அமர்த்த வேண்டாம் என்று சொல்வதற்கு யாரும் கூலி தருவதில்லை. பிறகு அதைச் சொல்வது யார் வேலை?"

செல்மா போனை எடுத்தார். முதலில் கப்பல்காரரிடம் சொன்னார், பிறகு வியாபாரியிடம். கப்பல்காரர் கத்தியது நயினாவுக்கே கேட்டது. பேரப் பேச்சு அத்தோடு நின்றுபோனது.

அடுத்த ஒன்பது நாளும் நயினாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் துறைமுகத்துக்குப் போனார். கப்பல்காரர் வேறு வழியில்லாமல் ரப்பரை மாற்றினார். இன்னொரு தரகரைப் பிடித்து, அதே தவசிமுத்துவின் சரக்கை ஏற்றிக்கொண்டார். கப்பல் கிளம்பிய பின்பும் நயினா காற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல் கிளம்பிய நான்காம் நாள் அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"மாலே போய்ச் சேர்ந்துவிட்டது, மேடம். வழியில் ஒன்றரை நாள் கடல் மோசம். ஒரு மூட்டைகூட நனையவில்லையாம்." அவர் குரல் கசந்தது. "தரகு அந்த ஆளுக்குப் போய்விட்டது. வாயைத் திறந்து நமக்கு என்ன கிடைத்தது?"

"கப்பலில் எத்தனை பேர்?"

"பன்னிரண்டு."

"எல்லோரும் கரை இறங்கினார்களா?"

"இறங்கினார்கள்."

"அப்படியானால் நம் பேரம் முடிந்தது, கேப்டன்."