குறுமுத்துவும் கேள்விக்குறியும்

ஒரு மலை. மலையில் ஓர் ஓடை. ஓடைக்கரையில் கட்டைவிரல் அளவில் ஒரு தவளை, பெயர் குறுமுத்து. பூச்சியைத் தின்றோமா, பாசியில் புரண்டோமா என்று நிம்மதியாகத்தான் இருந்தான்.

அவன் போதாத காலம், ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் ஒரு பெயர் அட்டையைத் தவறவிட்டுப் போனார்கள். அது பாறை இடுக்கில் செருகிக்கொண்டது. அதில் ஒரு தவளை இனத்தின் பெயரும், பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் இருந்தன. அந்தக் கேள்விக்குறிக்கு வாய் சும்மா இருக்குமா?

"தம்பி, இது உங்க இனத்து அட்டைதான். உங்க பூட்டன் ஒருத்தர் நூறு வருஷமா ஆராய்ச்சிக்காரங்க சீசாவுக்குள்ள கிடக்காரு. பாறைத் தவளைன்னு பாதிப் பேரு சொல்றாங்க, மரத் தவளைன்னு மீதிப் பேரு சொல்றாங்க. முடிவாகலை. அதான் என்னை நிக்க வச்சிருக்காங்க."

குறுமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ நான் யாரு?"

"அது தெரிஞ்சா எனக்கு இங்க என்ன வேலை?"

அன்றைக்குத்தான் முதல் சாரல் விழுந்தது. மூன்று நாளைக்குள் குரல் கொடுத்துத் துணையைக் கூப்பிட்டாக வேண்டும். நாலாம் நாள் ஓடை பொங்கிவிடும், அந்த இரைச்சலில் யார் குரலும் யாருக்கும் கேட்காது. அடுத்த சாரலுக்கு இருப்போமோ இல்லையோ!

எந்த இனத்துக் குரலில் கூப்பிடுவது என்று குழம்பிப்போன குறுமுத்து பாறைத் தவளையிடம் ஓடினான். "பெரியப்பா, நான் உங்க ஆளுதானே?"

"முதுகு வழவழன்னு இருக்கே. எங்க முதுகைத் தடவிப் பாரு, சொரசொரன்னு இருக்கும். போடா!"

மரத் தவளையோ விரலைப் பார்த்தது. "நுனியில வட்டம் சரியா வரலையே, மாப்ளே."

ஆனாலும் விடவில்லை, மடையன். முதல் நாள் பாறைத் தவளை மாதிரி "கர்ர்ர்" என்று இழுத்தான். ஒரு பாறைத் தவளைப் பெண் வந்து எட்டிப் பார்த்து, "ச்சீ, நீயா!" என்று திரும்பிப் போனாள். இரண்டாம் நாள் மரத் தவளை மாதிரி "டக், டக்" என்று தட்டினான். அதற்கும் அதே கதிதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தொண்டை கட்டிவிட்டது. நடிக்கத் தெம்பில்லை. அழுகையை அடக்கப் போய், அவனையும் அறியாமல் அவன் சொந்தக் குரலே வெளியே வந்தது. "ட்ரூக்."

"ட்ரூக்" என்று பக்கத்துக் கல்லடியிலிருந்து பதில் வந்தது.

கட்டைவிரல் அளவில் ஒருத்தி வெளியே வந்தாள். "ரெண்டு நாளா இங்கதான் உட்கார்ந்திருக்கேன். கண்டவன் குரலெல்லாம் கேட்குது, நம்ம ஆளு குரலைக் காணோம். இப்பத்தான் மேல் ஓடைக்குக் கிளம்பினேன். இவ்வளவு நேரம் எங்கே போய்த் தொலைஞ்சீங்க?"

"இங்கேதான்," என்றான் குறுமுத்து. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் ஓடை பொங்கியது. பொங்கட்டுமே! அட்டைக்குப் பக்கத்து ஈரப் பாறையில் முட்டைகள் பத்திரமாக ஒட்டியிருந்தன. சில நாளில் முட்டைக்குள் குஞ்சுகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் வளைந்து சுருண்டு, பார்க்க அப்படியே...

"ஐயையோ!" என்று கேள்விக்குறி அலறியது. "நான் ஒருத்தன்னு நினைச்சேன். இங்க நூறு கேள்விக்குறி!"

குறுமுத்து பாசியில் சொகுசாகப் புரண்டு படுத்தான்.

"கேள்வியெல்லாம் உங்களுக்குத்தான்யா. எனக்குப் பிள்ளைங்க."