பங்குக் கல்லு

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ஊருணி இருந்துச்சாம். காலை ஆட்டாத, சொல்றேன்ல. 'ம்' கொட்டுனாத்தான் கதை.

ம்.

கடக்கரை ஊரு அது. எங்க தோண்டுனாலும் உப்புத்தண்ணி. அந்த ஊருணி ஒண்ணுலதான் நல்ல தண்ணி. அதுக்குக் காவக்காரி இருளாயி. வாயின்னா வாயி, அப்புடி ஒரு வாயி! ஆடு மூக்கை நீட்டுனாப் போதும், "ஏய்ய்ய், ச்சூ!"ன்னு கம்பைத் தூக்கிக்கிட்டு ஓடுவா.

ஏன் அம்புட்டுக் காவல்? அவ பொறந்த ஊரு ஊருணிக்குள்ள கடல் வந்துருச்சு. ஒரே நாள்ல தண்ணி கரிச்சுப்போச்சு. ஊரே குடத்தைத் தூக்கிட்டுக் கெளம்பிருச்சு. அப்போ அவளுக்கு உன் வயசு. "இன்னொரு தடவை நான் குடத்தோட ஊரைவிட்டுப் போகமாட்டேன்"னு சொல்லிக்கிட்டே இருப்பா, பாவம்.

அப்புறம், அந்த ஊருணிக்குக் கடல் பக்கம் ஒரு மண்கரை. அதுல மூணு பங்கு. வடக்க கோயில்காரங்க, நடுவுல பள்ளிவாசல்காரங்க, தெக்க மாதாகோயில்காரங்க. என்னைக்கோ தாத்தன்மாரு அடிச்சுக்கிட்டு மண்டை ஒடஞ்சு, பங்கு பிரிச்சு நடுநடுவுல கல்லு நட்டாங்க. அந்தக் கல்லைத் தொட்டா வெட்டுக்குத்துதான். இப்ப இருக்குறவங்க மாமன் மச்சான்னு ஒத்துமையாத்தான் இருக்காங்க. வருசா வருசம் அவங்கவங்க பங்குக்கு மண்ணும் போடுவாங்க. ஆனா கல்லை ஒட்டி இவங்க ஒரு சாண் விட்டுருவாங்க, அவங்க ஒரு சாண் விட்டுருவாங்க. அடுத்தவங்க பங்குல கை வச்சுட்டோம்னு பேச்சு வந்துரக் கூடாதாம். என்ன மரியாதை பாரு! அந்த மரியாதையில கல்லைச் சுத்தி மட்டும் கரை தேஞ்சுக்கிட்டே வந்துச்சு.

ம்.

கடலும் சும்மா இல்ல. போன வருசம் கருவாடு காய வச்ச எடம் இந்த வருசம் அலைக்குள்ள. மழை வர்ற மாசத்துல வரல, வரக்கூடாத மாசத்துல கொட்டுச்சு. அப்புறம் ஒரு ஐப்பசி பௌர்ணமி, உச்சி நேரம். காத்து 'உய்ய்ய்'ங்குது. கடல் எந்திரிச்சு வருது!

அப்போ கோயில் மணி 'டாண் டாண்', பள்ளிவாசல் மைக்கு 'எல்லாரும் வாங்க'ங்குது, மாதாகோயில் மணி 'டிங் டிங்'. ஊரே மம்பட்டியோட ஓடி வந்துச்சு. வந்து என்ன செஞ்சாங்க? அவங்கவங்க பங்குல போயி நின்னுக்கிட்டாங்க!

மொத அலை வந்துச்சு. 'தொம்'! கரை நின்னுருச்சு. ஆனா கோயில் பங்குக்கும் பள்ளிவாசல் பங்குக்கும் நடுவுல இருந்த கல்லுக்குப் பக்கத்துல 'சளசள'ன்னு கசிவு.

"பூசாரி மாமா! இங்க வாங்க!"ன்னு கத்துனா இருளாயி.

பூசாரி கருமலையான் எட்டிப் பாத்தாரு. "அது பள்ளிவாசல் பங்கு மாதிரி இருக்கேத்தா. நாம கை வச்சா நல்லாவா இருக்கும்?"

ரெண்டாவது அலை. 'தொம்ம்ம்'! ஓட்டை கை நுழையிற அளவு ஆயிருச்சு. தலைத்துண்டைச் சுருட்டி அடைச்சா. 'பொளக்'னு துப்பிருச்சு.

"நாகூர்கனி மச்சான்! ஓடியாங்க!"

அவரு பள்ளிவாசல் பங்குல இருந்து மண்ணுச் சட்டியோட வந்து கல்லுக்கிட்ட நின்னுட்டாரு. "இது கோயில் பங்குல்ல இருளாயி? ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

தெக்க இருந்து படகுக்காரர் சந்தியாகும் பாத்தாரு. "அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எப்புடித் தலையிடுறது?"

இருளாயிக்கு வந்துச்சு பாரு கோவம்! கண்ணு முன்னாடி அவ பொறந்த ஊரு நிக்குது. மூணாவது அலை தூரத்துல சுவராட்டம் வருது. கடப்பாரையை எடுத்தா. கல்லுக்கு அடியில விட்டா.

"ஏய், கல்லைத் தொடாத!"ன்னு மூணு பக்கமும் சத்தம். ஒருத்தன் கம்பைத் தூக்கிட்டான். ஆனாலும் ஒரு நெம்பு, ரெண்டு நெம்பு, மூணாவது நெம்புல 'தொபுக்கடீர்'! கல்லு ஓட்டைக்குள்ள விழுந்துச்சு.

ஆனா ஓட்டை முழுசா அடையல. சுத்தித் தண்ணி பீச்சுது. அலையோ வந்துருச்சு. இருளாயி அதுல முதுகைக் குடுத்து உக்காந்துட்டா.

"இப்பச் சொல்லுங்கடா! எம் முதுகு யாரு பங்குடா?"

அப்புறம் நாகூர்கனி சட்டியைப் போட்டுட்டு ஓடி வந்து பக்கத்துல உக்காந்தாரு. அந்தப் பக்கம் கருமலையான். சந்தியாகு படகுப் பாயோட வந்து விழுந்தாரு. கம்பைத் தூக்குனவன் அதே கம்பை ஊண்டி முட்டுக் குடுத்தான். 'தொம்ம்ம்ம்'! தலைக்கு மேல தண்ணி. தோளோட தோளைக் கோத்து உக்காந்தவங்க அசையல. பின்னாடி பொம்பளைங்க மண்ணைக் கொட்டிக்கிட்டே இருந்தாங்க. பொழுது சாயுறப்போதான் கடல் வத்துச்சு.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்போ, ஊருணிக்குள்ள போன கடல்தண்ணி கொஞ்சமா நெறையவா? யாருக்குத் தெரியும்? இருளாயி ஊருணித் தண்ணியை அள்ளிக் குடிச்சா. கரிச்சுச்சு. நாகூர்கனி குடிச்சாரு, கரிச்சுச்சு. கருமலையானுக்கும் கரிச்சுச்சு. ஆனா எல்லாரும் கடல்தண்ணியைக் குடிச்ச வாயி! ஊருணி கரிக்குதா, வாயி கரிக்குதா?

இருளாயி ஒரே ஓட்டமா ஓடிப் போயி ஒரு ஆட்டைக் காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. எத்தனை நாளு வெரட்டுன ஆடு! அது முன்னாடி மண்டி போட்டு, "என் தங்கம், என் ராசாத்தி, ஒரு வாயி குடி"ங்குறா. பழக்கத்துல அவ தூக்கிட்டு வந்த கம்பைக் கண்ட பயத்துல அது பின்னாடி போகுது. கம்பைத் தூக்கிக் கடலு பக்கம் வீசிட்டா.

ஆடு மோந்து பாத்துச்சு. தலையைத் தூக்குச்சு. ஊரே மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்குது. மறுபடி மோந்துச்சு. அப்புறம் 'சப்பு சப்பு சப்பு'ன்னு வயிறு ரொம்பக் குடிச்சுது!

இருளாயி ஆட்டுக் கழுத்தைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா. அது யாரு வீட்டு ஆடுன்னு அன்னைக்கு ஒருத்தரும் கேக்கல.

கல்லு? கரைக்குள்ளயே இருக்கு, யாரும் தோண்டல. அடுத்த வருசம் மண்ணு போட வந்தாங்க, கோயில் பங்கு எங்க முடியுது, பள்ளிவாசல் பங்கு எங்க ஆரம்பிக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. எல்லாரும் அந்த எடத்துல இருந்தே ஆரம்பிச்சாங்க.

கடலா? அது அங்கனயேதான் இருக்கு, திரும்ப வரும். வந்தாப் பாத்துக்கிருவாங்க.

ஆடும் தண்ணி குடிச்சிருச்சு, கதையும் கரையேறிருச்சு. நீ கண்ணை மூடு.