தேக்குக் கலர் பூசிய பிர்ச் கட்டில்

ஜெபக்கனி டீச்சர், மகளுக்குச் சீர்க் கட்டில் செய்யணும்னு என் பட்டறைக்கு வந்தாங்க. நானோ புதுமை பண்றேன்னு கொச்சியிலிருந்து பிர்ச் பலகையா வரவழைச்சு அடுக்கி வெச்சிருக்கேன். சீந்த ஆளில்ல. இந்தக் கட்டிலும் கைநழுவினா, பலகையோட நானும் சேர்ந்து இத்துப்போக வேண்டியதுதான். அதனால வாயை அவிழ்த்து விட்டேன்.

"டீச்சர், பிர்ச்ங்கிறது குளிர்தேசத்து மரம். ரஷ்யாவுல நான் முதல் பலகை அறுத்தப்போ உள்ள அப்படியொரு வெள்ளை. பாலுன்னு நெனச்சுப் பூனை நக்கிட்டுது. பக்கத்து வீட்டம்மா உறை ஊத்த மோரோட வந்துட்டாங்க."

"ஆசாரியாரே, நீங்க களியக்காவிளை பார்டரைத் தாண்டினதுண்டா?" பாலிஷ் போடுற சூசைதான் கேட்டான்.

"நீ பாலிஷைப் போடுல! டீச்சர், மர ரேகை அவ்வளவு நைஸு. இழைப்புளியால ஒரு தள்ளு இழைச்சேன். சீவின சுருள் ஜன்னல் வழியா பறந்து, கல்யாண வீட்டுப் பொண்ணு தலையில முக்காடா விழுந்துது. உடனே விருந்துக்கு ஆள் விட்டாங்க. எனக்கில்ல, இழைப்புளிக்கு. அதைத் தூக்கிட்டுப் போற சாக்குல நானும் ரெண்டு வாய் சாப்பிட்டேன்."

டீச்சர் சிரிச்சாங்க. எனக்கு உயிர் வந்துது.

"தேக்கு மாதிரி இருக்குமா?"

எங்க நாகர்கோவில்ல முருங்கைக் கட்டையில செஞ்சாலும் தேக்குக் கலர்தான் கேப்பாங்க.

"ரஷ்யாவுலயே ஒரு கட்டில்ல பூசிப் பார்த்தேனே! பிர்ச் கலரைச் சமமா குடிக்காது டீச்சர். தலைமாடு முழுக்கத் திட்டுத்திட்டா, நாடுநாடா தெரிஞ்சுது. அந்த மேப்பைப் பார்த்துத்தான் ஊர் திரும்புனேன். ஒரு சொட்டு தப்பா விழுந்திருக்கு, தெரியல. கொழும்புல போய் இறங்கிட்டேன்."

"உறுதி எப்படி?"

"யானை ஏறிப் படுத்துது. கட்டில் முனகவே இல்ல. முனகினது, பயந்துபோய் அடியில ஒளிஞ்சிருந்த நான்தான். சத்தம் போடாம கிடன்னு யானை அதட்டுச்சு."

டீச்சர் பலகையைத் தடவிப் பார்த்தாங்க. "அது சரி, உங்க வீட்டுல என்ன கட்டில்?"

புளுகெல்லாம் அந்த நேரம் பார்த்து எங்க போச்சோ! நான் தேடுறதுக்குள்ள சூசை முந்திட்டான்.

"தேக்கு. அதுவும் இவரு வீட்டம்மா வேற ஆசாரிகிட்டச் சொல்லிச் செஞ்சது."

"அந்த ஆசாரி பட்டறை எங்க இருக்கு?"ன்னாங்க டீச்சர்.

வாசல் வரைக்கும் வந்து நானே வழி சொன்னேன். அன்னைக்கு நான் சொன்னதுல டீச்சர் நம்பினது அது ஒண்ணைத்தான்.